தூண்டில் முள்ளில் 8 சின்னது, 8/0 பெரியது... ஏன்? எண்ணை மட்டும் நம்பி முள் வாங்கலாமா?

மீன்பிடி சாமான் கடையில் நிற்கிறீர்கள். கடைக்காரர் இரண்டு பாக்கெட்டை எடுத்துப் போடுகிறார். ஒன்றில் ‘8’ என்று இருக்கிறது. இன்னொன்றில் ‘8/0’. ஏதோ ஒரே சைஸ்தான், பூஜ்யம் மட்டும் கூடுதலாக அச்சாகியிருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் ‘8’ முள் குளத்து ஜிலேபி மீனுக்கு. அதன் முனைக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சுமார் அரை சென்டிமீட்டர்தான். ‘8/0’ முள்ளில் அதே இடைவெளி இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வரை வரும். பெரிய பாறை மீனுக்குப் போடும் முள் அது. மாற்றி வாங்கிட்டா அன்றைக்கு முழுக்க வெறுங்கைதான்.

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவருக்கு இது ஒரு நாள் ஏமாற்றம். தூண்டிலையே நம்பிக் கடலுக்குப் போகிறவருக்கு டீசல் செலவு, இரைச் செலவு, ஆள் கூலி எல்லாமே அந்தச் சின்னக் கம்பியின் வளைவில் தொங்குகிறது. மாட்டுவது பெரிய மீனா, குஞ்சா, ஆமையா என்பதையும் பெருமளவு முள்தான் முடிவு செய்கிறது.

எண் ஏன் தலைகீழாக ஓடுகிறது?

தூண்டில் முள் எண்களில் இரண்டு வரிசை இருக்கிறது. இரண்டும் ‘1’ என்ற இடத்தில் சந்தித்து, எதிரெதிர் திசையில் ஓடுகின்றன.

முதல் வரிசையில் வெறும் எண் மட்டும் இருக்கும்: 1, 2, 4, 6, 8, 10, 12... இதில் எண் கூடக்கூட முள் சிறிதாகும். 20-க்கு மேல் போனால் கொசு அளவு பூச்சியைப் போலச் செய்த செயற்கை இரைக்கான முள். நம்ம ஊரில் அதற்கு வேலையே இல்லை.

இரண்டாவது வரிசையில் எண்ணுக்குப் பிறகு ஒரு கோடும் பூஜ்யமும் வரும்: 1/0, 2/0, 3/0... இதில் எண் கூடினால் முள்ளும் பெரிதாகும். சூரை, சுறாவுக்கான முள்கள் இந்த வரிசையின் மேல் முனையில் இருக்கின்றன.

ஆக, பெரிய முள்ளிலிருந்து சின்ன முள்ளுக்கு வரிசையாகச் சொன்னால் 3/0, 2/0, 1/0, 1, 2, 4, 6, 8 என்று இறங்கும். இதை ஒருமுறை மனசுல பதிய வெச்சுட்டா பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிப் பாதி கொஞ்சம் சிக்கல். இந்த எண்களுக்கு உலகம் முழுக்கப் பொதுவான அளவுகோல் கிடையாது. செருப்பு சைஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிற மாதிரி, ஒரு நிறுவனத்தின் 4/0 இன்னொரு நிறுவனத்தின் 5/0 அளவுக்கு இருக்கலாம். நார்வேயில் 1832-ல் தொடங்கிய மஸ்டாட் நிறுவனம் 1870-களிலேயே இயந்திரத்தில் முள் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பெயர் நம் கடற்கரைக் கடைகளிலும் பழக்கமானதுதான். ஆனால் அதன் எண்ணையே மற்றவர்களும் அப்படியே பின்பற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஜப்பானியச் சூரை முள்ளுக்குக் கணக்கே வேறு. அங்கே ‘சுன்’ என்ற பழைய நீள அளவு. ஒரு சுன் சுமார் 3.03 சென்டிமீட்டர். 3.6 சுன் முள் என்றால், அந்த முள்ளை நிமிர்த்தினால் சுமார் 10.9 சென்டிமீட்டர் கம்பி இருக்கும் என்று அர்த்தம். வளைந்த பிறகு அதன் குறுக்களவு மூன்று சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இதையும் ‘3/0’-வையும் ஒப்பிடவே முடியாது.

ஒரே எண் வரிசையாக இருந்தாலும், வடிவம் மாறினால் அளவும் மாறிவிடும். ஆழ்கடல் தூண்டில் ஆய்வுகளில் அடிக்கடி வரும் ஓர் உதாரணம்: 9/0 ‘ஜே’ முள்ளின் குறுக்களவு சுமார் 4.1 சென்டிமீட்டர். 18/0 வட்ட முள்ளின் குறுக்களவு சுமார் 4.9 சென்டிமீட்டர். எண் இரண்டு மடங்கு, அளவில் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

முள்ளின் வாயைப் பாருங்கள். கூர்முனையிலிருந்து தண்டு வரை இருக்கும் இடைவெளிதான் வாய். ஒரு சாதாரண ஸ்கேல் போதும். ஏற்கெனவே நன்றாக மீன் பிடித்துக் கொடுத்த முள் ஒன்று கையில் இருந்தால், அதையே கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்து மீனின் வாய். மீன் எத்தனை கிலோ என்பதைவிட அதன் வாய் எத்தனை பெரிது என்பதுதான் முக்கியம். கிழங்கான் நீளமாக இருக்கும், வாய் சின்னது. அதனால் சின்ன முள். கலவா மீன் குட்டியாக இருக்கும்போதே வாய் அகலம். பெரிய முள் போட்டாலும் சின்னக் கலவா மாட்டிவிடும். ‘பெரிய முள் போட்டால் குஞ்சு மீன் தப்பிக்கும்’ என்பது பல மீன்களுக்குச் சரி, எல்லா மீனுக்கும் அல்ல.

மூன்றாவது, இரை. இரையைக் கோத்த பிறகும் முள்ளின் வாய் திறந்திருக்க வேண்டும். முழு இறாலைச் சின்ன முள்ளில் திணித்தால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும். மீன் கடிக்கும், இழுக்கும், முனை உள்ளே இறங்காது. ‘கடிக்குது, ஆனா மாட்ட மாட்டேங்குது’ என்று புலம்புகிறவர்களில் நிறைய பேருக்குப் பிரச்சினை இதுதான்.

பாக்கெட்டில் ‘2எக்ஸ் லாங்’ என்று போட்டிருந்தால், முள்ளின் வாய் அதே அளவுதான், தண்டு மட்டும் இரண்டு சைஸ் பெரிய முள்ளின் நீளத்துக்கு இருக்கும். ‘2எக்ஸ் ஸ்ட்ராங்’ என்றால் அதே கணக்கில் கம்பி தடிமன். தடித்த கம்பி வளையாது. ஆனால் சதைக்குள் இறங்கக் கூடுதல் இழுப்பு வேண்டும், உயிர் இரையைச் சீக்கிரம் சாகடித்துவிடும்.

‘ஜே’ முள், வட்ட முள்: என்ன வித்தியாசம்?

ஆங்கில ‘ஜே’ எழுத்து மாதிரி இருப்பது ‘ஜே’ முள். தூண்டில் என்றாலே நம் கண் முன் வருவது இதுதான். கூர்முனை தண்டுக்கு இணையாக மேல்நோக்கி நிற்கும். மீன் கடித்ததும் நரம்பைச் சுண்டி இழுத்தால் எங்கே படுகிறதோ அங்கே குத்தும். உதட்டில் குத்தலாம், தொண்டையில் குத்தலாம், மீன் முழுசாக விழுங்கியிருந்தால் குடலிலும் குத்தலாம்.

வட்ட முள்ளில் முனை உள்பக்கமாக, தண்டை நோக்கி மடங்கியிருக்கும். முதல்முறை பார்ப்பவருக்கு ‘இது எப்படிக் குத்தும்?’ என்றுதான் தோன்றும். நேராகக் குத்தாது என்பதுதான் இதில் இருக்கும் சூட்சுமம்.

மீன் இரையோடு முள்ளை விழுங்கிவிட்டுத் திரும்பி நீந்துகிறது. நரம்பு இறுகுகிறது. தொண்டையிலிருந்து முள் வெளியே வழுக்கிக்கொண்டு வருகிறது. முனை உள்பக்கம் திரும்பியிருப்பதால் வழியில் எதையும் பிடிப்பதில்லை. வாயின் ஓரத்துக்கு வந்து வெளியேறப் பார்க்கும்போதுதான் முள் சுழன்று, தாடை மூலையில் சிக்குகிறது.

இதனால் வட்ட முள் போட்டிருக்கும்போது பழக்கதோஷத்தில் சுண்டி இழுக்கக் கூடாது. சுண்டினால் முள் சும்மா வெளியே வந்துவிடும். நரம்பு மெல்ல இறுகுவதற்கு விட்டு, சீராக இழுத்தால் போதும். ‘வட்ட முள் சரியில்லை’ என்று ஒதுக்கியவர்கள் இதை ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம்.

கடலில் பல கிலோமீட்டருக்கு நீளும் தாய்க்கயிறும், அதிலிருந்து தொங்கும் நூற்றுக்கணக்கான கிளை நரம்புகளும் கொண்ட ஆழ்கடல் தூண்டிலுக்கு இந்த முள் இன்னும் பொருத்தம். அங்கே ஒவ்வொரு நரம்பையும் சுண்ட ஆள் கிடையாது. மீன் தானாகத்தான் மாட்ட வேண்டும். தாடையில் மாட்டிய மீன் பல மணி நேரம் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். உயிரோடு படகில் ஏறும் சூரைக்கும், செத்து வெளிறி ஏறும் சூரைக்கும் ஏற்றுமதி விலையில் நிறைய தூரம்.

வட பசிபிக் கடலில் ஹாலிபட் மீன் பிடிப்பவர்கள் 1980-களின் தொடக்கத்தில் ‘ஜே’ முள்ளிலிருந்து வட்ட முள்ளுக்கு மாறினார்கள். பிடிபடும் மீன் அவ்வளவு கூடியதால், கடலில் எத்தனை மீன் இருக்கிறது என்று மதிப்பிடும் பழைய கணக்கையே சர்வதேச ஹாலிபட் ஆணையம் திருத்த வேண்டி வந்தது. மீன் பெருகவில்லை, முள் மாறியிருந்தது!

வட்ட முள் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. இந்தோனேசியாவின் அலோர் தீவில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முந்தைய பெண்ணின் கல்லறையில் சிப்பியில் செதுக்கிய வட்ட வடிவ முள்கள் கிடைத்தன. ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள சகிதாரி குகையில் கிடைத்த சிப்பி முள்களுக்கு வயது சுமார் 23,000 ஆண்டுகள். நம் பக்கமும் தூண்டில் பழையது. சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் உலோகத்தோடு ஒப்பிடுகிறது திருக்குறள். அதாவது, அப்போதே முள் உலோகத்துக்கு மாறிவிட்டது.

ஆமைக்கும் முள்ளுக்கும் என்ன தொடர்பு?

ஆழ்கடல் தூண்டிலில் கணவாய்த் துண்டு இரையாகத் தொங்கும். சூரைக்கு வைத்த அந்த இரையைக் கடலாமையும் தேடி வரும். ‘ஜே’ முள்ளை விழுங்கினால் அது தொண்டையிலோ குடலிலோ குத்தும்.

ஹவாய் தீவுகளில் வாள்மீன் பிடிக்கும் படகுகளுக்கு அமெரிக்க அரசு 2004-ல் ஒரு கட்டாயம் கொண்டுவந்தது. 18/0 வட்ட முள்தான் போட வேண்டும், இரையாகக் கணவாய் கூடாது, மீன்தான் வைக்க வேண்டும். அதன் பிறகு வெளியான ஆய்வில் பெருந்தலை ஆமை மாட்டுவது சுமார் 90 சதவீதமும், ஏழுவரி ஆமை மாட்டுவது சுமார் 83 சதவீதமும் குறைந்திருந்தது.

காரணம் எளிது. அகலமான முள்ளை ஆமையால் சுலபமாக விழுங்க முடியாது. ஏழுவரி ஆமை பெரும்பாலும் விழுங்கி மாட்டுவதில்லை, கடந்துபோகும்போது துடுப்பில்தான் முள் குத்தும். உள்ளே மடங்கிய முனை அப்படிக் குத்துவது குறைவு. அங்கே முள், இரை இரண்டுமே ஒன்றாக மாறின. அதனால் முழுப் பெருமையையும் முள்ளுக்கே கொடுத்துவிட முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வட்ட முள்ளில் சுறா மாட்டுவது கூடுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ‘ஜே’ முள்ளை விழுங்கிய சுறா நரம்பைப் பல்லால் அறுத்துக்கொண்டு போய்விடும். தாடை ஓரத்தில் மாட்டினால் பல்லுக்கு நரம்பு எட்டாது. மாட்டிய சுறா உயிரோடு இருப்பதால் விடுவிக்கலாம் என்பது ஆறுதல். விடுவிப்பார்களா என்பது படகில் இருப்பவர் கையில்.

பாக் நீரிணையில் இது ஏன் பெரிய பேச்சு?

ராமேஸ்வரம், புதுக்கோட்டை, நாகை மீனவர்கள் எல்லை தாண்டியதாக இலங்கையில் கைது என்ற செய்தியை மாதாமாதம் பார்க்கிறோம். அதன் மையத்தில் இருப்பது இழுவைமடி வலை. கடலடியை வாரிக்கொண்டு போகும் இந்த முறையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது.

அதே 2017-ல் இந்தியாவில் மாற்றுத் திட்டம் ஒன்று தொடங்கியது. பாக் நீரிணையின் இழுவைமடிப் படகுகளைக் கொடுத்துவிட்டு, சூரைத் தூண்டிலும் செவுள் வலையும் போடும் ஆழ்கடல் படகு வாங்கிக்கொள்ளலாம். இலக்கு 2,000 படகுகள். ஒரு படகுக்கு ஆரம்பத்தில் கணக்கிட்ட விலை 80 லட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் பங்கு 10 சதவீதம்.

திட்டம் நினைத்த வேகத்தில் நகரவில்லை, இலக்கையும் எட்டவில்லை. விலை, கடன் இரண்டும் ஒரு காரணம். ஆனால் பேச்சில் அதிகம் வராத காரணம் தொழில். மாலையில் போய் மறுநாள் காலை கரை திரும்பும் இழுவைமடித் தொழிலில் வலையை இறக்கி இழுத்தால் இறால், நண்டு, மீன் எல்லாம் சேர்ந்து வரும். தூண்டிலில் அப்படி எதுவும் சேர்ந்து வராது. எந்த மீனுக்கு எந்த முள், எந்த ஆழம், என்ன இரை, எத்தனை மணிக்கு இறக்குவது என்று ஒவ்வொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் நாள் கணக்கில், வாரக் கணக்கில் கடலிலேயே இருந்துகொண்டு.

இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரக் கிராமங்களின் மீனவர்கள் கொச்சி போன்ற துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு, அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அந்த அறிவு ஒரு தலைமுறையில் வந்தது அல்ல. படகுக்கு மானியம் கொடுத்தால் போதும், பழக்கம் தானாக வரும் என்று நினைத்தது சரியான கணக்கு அல்ல.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அந்த இரண்டு மாதம் சந்தைக்கு வரும் கடல் மீனில் தூண்டிலில் வந்ததும் கணிசம். வாயில் ஒற்றைக் காயத்தோடு, செதில் உதிராமல் இருக்கும் வஞ்சிரத்தைப் பார்த்தால் தூண்டில் மீன் என்று மீன்காரம்மா தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

எந்த மீனுக்கு எந்த முள்?

இது தோராயம்தான், நிறுவனத்துக்கு நிறுவனம் ஒன்றிரண்டு எண் முன்பின் இருக்கும். குளம், ஏரியில் ஜிலேபி, சின்னக் கெண்டைக்கு 8 முதல் 12. கெளுத்திக்கு 4 முதல் 1/0. விராலுக்குத் தவளை, செயற்கைத் தவளை வைத்தால் 2/0 முதல் 5/0.

கடற்கரையில் நின்று போடும் கிழங்கானுக்கு 6 முதல் 10. முகத்துவாரத்துக் கொடுவாவுக்கு 3/0 முதல் 6/0. பாறை, வஞ்சிரத்துக்கு (கன்னியாகுமரி பக்கம் நெய்மீன்) 5/0 முதல் 8/0. வஞ்சிரத்தின் பல் பிளேடு மாதிரி. முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி போடாவிட்டால் நரம்பை அறுத்துக்கொண்டு முள்ளோடு போய்விடும்.

கணவாய்க்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இறால் வடிவச் செயற்கை இரையின் வாலில் கிரீடம் மாதிரி சுற்றிலும் முள் இருக்கும், எதிர்முள் இருக்காது. கணவாய் கடித்து விழுங்காது, கைகளால் அணைக்கும். அணைத்த இடத்தில் முள் பிடித்துக்கொள்ளும்.

துருப்பிடிக்கும் முள்தான் நல்லதா?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முள் நீண்ட நாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் நரம்பு அறுந்து மீன் முள்ளோடு தப்பினால், அந்த முள் அதன் உடம்பிலும் நீண்ட நாள் இருக்கும். கார்பன் ஸ்டீல் முள் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து உடைந்துபோகும். மெக்சிகோ வளைகுடாவில் பாறைவாழ் மீன்களுக்கு இயற்கை இரை போடுபவர்கள் ஸ்டெயின்லெஸ் அல்லாத வட்ட முள்தான் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா 2008-ல் விதி கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான்.

துருப்பிடிக்கும் முள்ளை அடிக்கடி சோதிக்க வேண்டும். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறி நின்றால் கூர்மை இருக்கிறது. வழுக்கினால் தீட்டுங்கள், இல்லை மாற்றுங்கள். பிடித்த மீனைத் திரும்ப விடுகிற பழக்கம் உள்ளவர்கள் எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி நசுக்கிவிடலாம். நரம்பு தளராமல் பார்த்துக்கொண்டால் மீன் நழுவாது.

கையில் முள் குத்திவிட்டால்?

எதிர்முள் சதைக்குள் போயிருந்தால் வந்த வழியே பிடுங்கக் கூடாது. சதை கிழியும். மருத்துவமனையில் மரத்துப்போக ஊசி போட்டு, முனையை மறுபக்கம் வெளியே தள்ளி, எதிர்முள்ளை வெட்டிவிட்டு உருவுவார்கள். வேறு முறைகளும் உண்டு, எதுவானாலும் வீட்டில் வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாச்சு என்று டாக்டர் கேட்பார், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ குத்தியிருந்தால் தொடவே கூடாது. முள் அழுந்தாதபடி மேலே ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டி, நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று முனை கொண்ட முள்ளாக இருந்தால் குத்தாத இரண்டு முனைகளின் மேல் முதலில் டேப் சுற்றுங்கள். முள்ளின் மறுபக்கம் மீன் துள்ளிக்கொண்டிருந்தால், அதற்கும் முன்னால் நரம்பையோ மீனையோ வெட்டி விடுவித்துவிடுங்கள். ஒவ்வொரு துள்ளலுக்கும் முள் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.